ஒற்றை அடி பாடினவள்

மழைக்குப் பயந்து கல்யாணப் பந்தலுக்குள் ஓடிவந்த வேகத்தில், லிரா என்னும் வில் வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தவனின் முழங்கையில் இடித்துவிட்டாள் ரொதாந்தி. வில் நழுவிக் கிறீச்சிட்டது. அவன் நிமிர்ந்தான்... ஐயோ, அந்தக் கண்கள். மழை கழுவிய ஆலிவ் இலை நிறம்.

"பார்த்து வரக் கூடாதா?"

"வழியில உட்கார்ந்துட்டு என்னையா கேக்கறீங்க?"

சிரித்தபடி வில்லை எடுத்தான். பாடினான்.

"மழையில நனைஞ்சு வந்தவளே, மலையே மயங்கி நிக்குது...
விழியில தெறிச்ச மின்னல் ஒண்ணு வில்லோட நுனியில சிக்குது..."

கிரீட் தீவின் மலையூர்களில் இதற்கு வாய்மூடி இருக்க முடியுமா? அதே இயைபில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ரொதாந்திக்கோ எதுகை மோனையெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

"ஊருக்கு ஊரு மின்னல் பிடிச்சு உன் வில்லு இளைச்சு நிக்குது...
யாருக்கோ பாடி மிஞ்சின பாட்டை இங்கே கூவி விக்குது..."

பந்தலே சிரித்தது. இனி அவன் முறை... அவன் பாடவில்லை. முகம் சிவந்து, லிராவைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏண்டி, வம்பிழுக்க வேற ஆளே கிடைக்கலையா?" அண்ணன் சீஃபிஸ் காதைக் கடித்தான். "மனூசோஸ் ஊரார் பாட்டுக்கெல்லாம் வாசிப்பான். தானா வாய் திறந்து பாடினது இன்னிக்குத்தான்."

அவளுக்குச் சுருக்கென்றது. மழை விட்டதும் அவர்கள் வந்த பஸ் கிளம்பிவிடும். அவள் ஊரோ மலைக்கு அந்தப் பக்கம். இப்படியே போனால் அவன் மனதில் காலத்துக்கும் ஒரு வாயாடிதான்.

ஒரு வழி உண்டு. பெண் ஒற்றை அடி பாடி நிறுத்தினால், அவள் மேல் மனம் இருப்பவன் மறு அடியைப் பாடி முடிப்பான். முடிக்காவிட்டால்... அந்த அடி அந்தரத்தில் தொங்கும். ஊர் சிரிக்கும்.

"வேண்டாம்டி, மானம் போயிடும்." அவள் எண்ணம் புரிந்த சீஃபிஸ் தடுத்தான்.

"போகட்டும்ண்ணா."

எழுந்து நின்றாள். பாடினாள்.

"குத்திப் பேசின நாக்கு இப்போ கூசிப் போயி நிக்குது..."

நிறுத்தினாள். ராக்கிச் சாராயக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. மனூசோஸ் லிராவைத் தொடவே இல்லை. அவளையே பார்த்தபடி, வெறுங்குரலில்...

"கத்தியும் இல்ல, காயமும் இல்ல... காதல் தொண்டையில சிக்குது..."

அதனால்தான் பாட்டு வரவில்லையா... பைத்தியக்காரன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. சீஃபிஸ் எழுந்துபோய் டிரைவரிடம், "நீங்க கிளம்புங்க, எங்க வீட்டுப் பொண்ணு வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டு வந்தான்.