பாலாமைகள் வந்த வீடு

குசினி வாசற்படியில் ஓட்டின் ஓரம் உடைந்த ஆமை ஒன்று இருந்தது. ஆமை வருவதில் அதிசயமில்லை. வளவுக்குப் பின்னால் சதுப்பு, அதற்கப்பால் வயல். மாரியில் அவை கரையேறி வந்து வெயில் காயும். ஆனால் மஸீனா விளக்குமாற்றால் தட்டியும் இந்த ஆமை தலையை உள்ளே இழுக்கவில்லை. பாம்பு போல நீண்ட கழுத்தை வீட்டுக்குள் நீட்டி, கூரிய மூக்கால் எதையோ மோந்துகொண்டிருந்தது. அது மோந்த திசையில், உள்ளறைப் பாயில், அவளுடைய மகள் கைரியா காய்ச்சலில் முனகிக் கிடந்தாள்.

அந்த வருஷம் தெல்தெனியப் பக்கம் மழையே இல்லை. ஆறு வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கி, குட்டைகளில் நுளம்பு பெருகி, வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டு. மையவாடியில் புதுக்குழிகளின் மண் காய நேரமில்லை.

"கோடையில பாலாமை சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கும். மழை விழுந்தாத்தான் எழும்பும்," என்றான் அவள் கணவன் பஹ்மி, அதைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டே. "இது எதுக்கு எழும்பினதோ தெரியல்ல."

புடவைக்கடைக்குப் போகிற வழியில் ஆற்றங்கரையில் அதை விட்டுவிட்டுப் போனான். மஃரிப் தொழுதுவிட்டு அவள் விளக்கை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தபோது, ஓட்டின் ஓரம் உடைந்திருந்த அதே ஆமை அதே படியில் இருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு.

மறுநாள் வேலிக்கு அப்பால் நின்ற இரத்தினம்மாவிடம் சொன்னாள். புருஷனைப் போன மாதம்தான் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். கேட்டதும் அவள் கை வேலிக்கம்பை இறுகப் பிடித்தது.

"எங்க வீட்டுக்கும் வந்துச்சுங்க தங்கச்சி. அவரு படுத்திருந்த அறை வாசல்லயே கிடந்துச்சு. விரட்டினா போகாது. மூச்சு அடங்கின பிறகு... அதை நான் சொல்ல மாட்டேன். நீங்க கதவை நல்லா சாத்தி வையுங்க."

அவள் சொல்லாமல் விட்டது மஸீனாவுக்குத் தெரிந்திருந்தது. நத்தை, தவளை, செத்த மீன், எல்லாம் அவற்றுக்கு ஒன்றுதான். சதுப்பில் எருமை ஒன்று சேற்றில் மாட்டிச் செத்தபோது அவள் பார்த்திருக்கிறாள். கிழிந்த வயிற்றுக்குள் தலையை விட்டு, அவசரமே இல்லாமல், சத்தமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தன. ஆள் நெருங்கினால் பின்னங்கால்களை இழுத்து, தோல்மடிப்பால் மூடி, கல்லைப் போலக் கிடந்து, ஆள் போனதும் மறுபடி தொடங்கின.

கதவைச் சாத்தினாள். இடுக்கில் சாக்கைத் திணித்தாள். படியில் மண்ணெண்ணெய் தெளித்தாள். ஆனாலும் கைரியாவின் தலையைத் தொடையில் வைத்து, ஸலவாத்து ஓதி, கசப்புக் கொயினா மருந்தை அவள் வாயில் புகட்டும்போதெல்லாம், சுவரோரமாக ஓடு உரசும் சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி உரசும், சேறும் அழுகலும் கலந்த நாற்றம் ஓலைத்தட்டியைத் தாண்டி உள்ளே வந்து பிள்ளையின் வியர்வை வாடையோடு சேர்ந்துகொள்ளும். எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ண அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பகல், ஜும்ஆவுக்குப் போன பஹ்மி இன்னும் திரும்பவில்லை. கைரியாவின் நெற்றி நனைந்திருந்தது. தொட்டாள். குளிர்ந்திருந்தது. குனிந்து மூக்கருகே காதை வைத்தாள். மூச்சு சீராக வந்தது. பிள்ளை கண்ணைத் திறந்தாள்.

"உம்மா, பசிக்குது."

மஸீனா அழுதுவிட்டாள். "இந்தா மகள், கஞ்சி கொண்டாறன்," என்று எழும்பி ஓடினாள். அடுப்பிலிருந்த கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். அடுப்புப் புகை அடைத்திருந்தது. ஆமைகள் போயிருக்கும், இனி அவற்றுக்கு இங்கே என்ன வேலை என்ற தைரியத்தில் குசினிக் கதவைத் திறந்தாள்.

போகவில்லை.

முற்றம் நிறைய. ஓட்டோடு ஓடு இடித்துக்கொண்டு. கழுத்துகள் நீண்டிருந்தன.

உள்ளறைப் பக்கமாக அல்ல.

அவள் அடுப்படிக்கு நகர்ந்தாள். கழுத்துகள் திரும்பின. தண்ணீர்ப் பானையடிக்கு நகர்ந்தாள். திரும்பின.

பிடரியில் ஒரு குளிர். காற்றில்லை. முதுகெலும்பு வழியே இறங்கியது. கையிலிருந்த கிண்ணம் தானாக நடுங்கியது. பல் கிட்டியது.

"உம்மா? கஞ்சி?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். தாடை ஆடியது. சொல் வரவில்லை. முழங்கால் மடிந்து, சுவரில் சாய்ந்து, தரையில் சரிந்தாள். கிண்ணம் உருண்டது.

ஓரம் உடைந்த ஆமை முன்னங்காலைத் தூக்கிப் படிமேல் வைத்தது. உள்ளே வந்தது. பின்னால் மற்றவை. சிந்திக் கிடந்த கஞ்சிமேல் ஏறின. மோந்தும் பார்க்கவில்லை. ஆவி பறக்கும் கஞ்சியை மிதித்துக்கொண்டு, நிதானமாக, அவளுடைய பாதம் வரைக்கும் வந்து நின்று, கழுத்தை நீட்டின.