ஆறாவது டிரே காலி

பேய் என்று ஒன்று இருந்தால் அதற்கு லாக், அதாவது கணினிப் பதிவு, இருக்கும். இது கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிரசாந்தின் கொள்கை. உலகத்தில் எது நடந்தாலும், ஒரு கொசு கேமரா மேல் உட்கார்ந்தால்கூட, எங்கேயோ ஒரு வரியாகப் பதிவாகிவிடுகிறது. தங்கவயல் பேய்கள் நூறு வருடமாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஆகவே அவை இல்லை. இதை அவன் தினமும் பெங்களூரு ரயிலில், பங்காருபேட்டை வருவதற்குள், ஒற்றைக் காலில் நின்றபடி நிரூபித்துவிடுவான். யாரும் மறுத்ததில்லை. மறுக்க மூச்சு வேண்டும். அந்த ரயிலில் அதற்கு இடமில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம், லாக்கில் ஒரு வரி விழுந்தது.

'ஆறாவது ஸ்லாட்: டிஸ்க் செருகப்பட்டது.'

ஆறாவது ஸ்லாட்டில் இருந்தது டிஸ்க் இல்லாத காலி டிரே.

இடம் நந்திதுர்க், மூடிப்போன தங்கச் சுரங்கம் ஒன்றின் பகுதி. ஒரு டிரஸ்ட் நடத்தும் எக்ஸ்ரே நிலையம். அதன் சர்வர் அறை ஒரு காலத்தில் சுரங்கத்தின் லாம்ப் ரூம். ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் தொப்பி விளக்கை வாங்கிப்போய், மேலே வந்ததும் திருப்பிக் கொடுத்த இடம். ஜன்னல் கிடையாது. ஒரே கதவு. வெளியே பகலா இருட்டா என்று அந்த அறைக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

சர்வருக்குள் இருந்தவை பழைய சுரங்கத் தொழிலாளர்களின் நெஞ்சுகள். நுரையீரல் முழுக்க அரிசிமாவு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கல் தூசி படிந்து படிந்து வந்த நோய். மறுநாள் காலை மெடிக்கல் போர்டு வந்து அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நிவாரணத்தை முடிவுசெய்யும். புள்ளிதான் சாட்சி. பட்டியலில் பிரசாந்தின் அப்பா அப்பாதுரையும் உண்டு.

எட்டு ஸ்லாட்டில் முதல் நான்கில் இருந்த டிஸ்க்குகளில் படங்கள் பரவிக் கிடந்தன. ஒன்று செத்தால் மற்ற மூன்றும் தாங்கும். இன்னொன்றும் செத்தால் எல்லாம் போயிற்று. மூன்றாவது டிஸ்க் காலையிலேயே செத்திருந்தது. பேக்கப் எடுக்க வேண்டும் என்று பிரசாந்த் பலமுறை சொல்லியிருந்தான். எடுக்க வேண்டியவனும் அவன்தான்.

நல்லவேளை, ஓடுகிற சர்வரை நிறுத்தாமலே செத்த டிஸ்க்கை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். அதற்காகத்தான் வந்திருந்தான். சாவி கொண்டுவந்த எக்ஸ்ரே டெக்னீஷியன் சில்வியா, பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தவள், கதவை விரல் முட்டியால் மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தாள்.

"உள்ள யாரு கீறாங்கன்னு தட்டறே?"

"எங்கப்பா சொரங்கத்துல ஆள ஏத்தி எறக்கற கேஜுக்கு பெல் அடிச்சவரு. மூணு பெல்லுன்னா உள்ள ஆள் கீது, பாத்துத் தூக்குன்னு அர்த்தம். அடிக்காம தூக்குனா, கூப்புடாதவங்களும் தொத்திக்கினு மேல வந்துடுவாங்களாம். எங்கூட்ல எல்லாத்துக்கும் தட்டுவோம்."

"டிஸ்க்கு எடுக்கசொல்லயும் தட்டணுமா?"

"தட்டுனா உன் கை தேஞ்சா பூடும்?"

"நீ கஷ்டப்படாத. உனுக்கு ஒரு கமாண்டு எழுதித் தரேன். அதுவே தட்டிக்கும்."

"போடா, பெங்களூரு புத்தி," என்று சொல்லிவிட்டு அவள் சாயங்காலப் பூசைக்குப் போய்விட்டாள்.

பிரசாந்த் தட்டவில்லை. மூன்றாவது டிரேயின் கொக்கியை அழுத்தி, இழுத்தான். டிஸ்க் வெளியே வந்த பொந்திலிருந்து ஒரு காற்று வந்தது. சர்வர் காற்றுபோல் சூடாக, காய்ந்து, பிளாஸ்டிக் வாசனையோடு அல்ல. ஈரமாக, மெதுவாக, நனைந்த கல்லும் வெடிமருந்தும் நெடுநாள் துவைக்காத காக்கித் துணியும் கலந்த வாசனையோடு, வெகு ஆழத்திலிருந்து ஏறி வருகிற காற்றுபோல் அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு போனது. பழைய கட்டடம், என்று நினைத்துக்கொண்டான். புதிய டிஸ்க்கைச் செருகினான். மற்ற மூன்றிலிருந்தும் கணக்குப் போட்டு, இழந்ததைத் திரும்ப எழுதும் வேலை தொடங்கியது.

அப்போதுதான் அந்த ஆறாவது ஸ்லாட்டின் வரி.

லூஸ் கனெக்‌ஷன். ஆறாவது டிரேயை உருவினான். காலி. உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். காலிதான். திரும்பத் தள்ளினான்.

'ஐந்தாவது ஸ்லாட்: டிஸ்க் செருகப்பட்டது.'

அதையும் உருவிப் பார்த்தான். காலி. ஏழாவது பேசியது. பிறகு எட்டாவது. நான்கு காலி டிரேக்களிலும் பச்சை விளக்கு எரிந்தது. சர்வர் அவற்றை என்னவென்று நினைக்கிறது என்று விசாரித்தான். அளவு தெரியவில்லை. கம்பெனிப் பெயர் இல்லை. வெப்பநிலை மட்டும் வந்தது. நான்குக்கும் ஒன்றே: முப்பத்தேழு டிகிரி.

டிஸ்க்குக்கு நல்ல வெப்பநிலை. மனிதனுக்கும்.

இனி எதையும் இழுக்கக் கூடாது என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தான். ஃபேன்கள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. இரும்புக் கயிறு ஒன்று நிதானமாகச் சுற்றப்படுவதுபோல். அதற்கும் அடியில், யாரோ அடக்கிக்கொள்ளப் பார்க்கும் இருமல். அந்த இருமலை அவனுக்குத் தெரியும். வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இரவெல்லாம் கேட்டு வளர்ந்த இருமல். ஒருவருடையது அல்ல இது. பலருடையது.

அப்பாவின் படம் பத்திரமாக இருக்கிறதா என்று திறந்தான்.

இருந்தது. விலா எலும்புகள். நடுவே இருட்டு. இருட்டில் வெள்ளைப் புள்ளிகள்.

புள்ளிகள் நகர்ந்தன.

கண்ணைத் துடைத்தான். நகர்ந்தன. கும்பலாக, நெருக்கியடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல மேல் நோக்கி, நடக்கிறவன் தலையில் விளக்கு ஆடுவதுபோல் லேசாக ஆடியபடி. தொண்டைக்கு வந்தன. படத்தின் விளிம்பைத் தாண்டின. ஒன்று. இன்னொன்று. கடைசி ஒன்று கொஞ்சம் தயங்கியது. அதுவும் போயிற்று.

நுரையீரல் சுத்தமாக இருந்தது. பிறந்த குழந்தையுடையதைப்போல். நாளை போர்டுக்குக் காட்ட ஒரு புள்ளிகூட இல்லை.

போன் அடித்தது. அக்கா கண்மணி.

"டேய், அப்பாக்கு இருமல் நின்னுபோச்சுடா."

"தூங்கறாரா?"

"இல்ல. எழுந்து ஒக்காந்து சிரிச்சிக்கினு கீறாரு. ஷிப்டு முடிஞ்சிதாம். கீழ மாட்டிக்கினவங்க அல்லாரும் மேல வந்துட்டாங்களாம்." அவள் குரல் தாழ்ந்தது. "லைட்ட திருப்பிக் குடுக்க லாம்ப் ரூமுக்குப் போயினு கீறாங்களாம். லாம்ப் ரூம்ல ஆள் கீதான்னு கேக்கறாரு. நீ எங்கடா கீற?"

திரையில் புதிய டிஸ்க் நிரம்பி முடிந்திருந்தது. பிழை எதுவுமில்லை.

வராந்தாவில் பூட்ஸ். ஈர பூட்ஸ். இழுத்து இழுத்து வந்து, நின்றன. பின்னால் வந்தவை அவற்றின் பின்னால் நின்றன. வரிசை. வரிசையில் நிற்பவர்களின் இருமல். அவசரமில்லாத இருமல்.

வீட்டுக்குப் போக வேண்டும். அப்பாவிடம் போக வேண்டும். ஒரே கதவு.

பிரசாந்த் எழுந்தான். போனை சட்டைப் பைக்குள் போட்டான். கதவின் முன்னால் நின்று, திரும்பி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டான். விரலை மடக்கினான். மெதுவாக, வெளியே கேட்டும் கேட்காமலும், மூன்று முறை தட்டினான்: உள்ளே ஆள் உண்டு.

இருமல் நின்றது.

கதவுக்கு அடியில், விரல்கூட நுழையாத இடுக்கில், விளக்குகள் ஒவ்வொன்றாக அவன் கால்களை நோக்கித் திரும்பின.