முகம் தெரியும் போன்

கெசியாவின் வீட்டில் சண்டை நடந்தால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. அம்மா ஜெபகனிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. எல்லாம் கைப்பேச்சுதான். "சாப்பிட வா" என்பதும் கைதான், "தோலை உரித்துவிடுவேன்" என்பதும் கைதான். இரண்டாவதை மட்டும் அம்மா மின்னல் வேகத்தில் சொல்லுவாள்.

அம்மாவுக்கு ஒரே தங்கை, ஃபீபி சித்தி. அவளுக்கும் காது கேட்காது. ஜார்ஜ் சித்தப்பாவுக்குக் கொல்கத்தாவில் தோல் கம்பெனியில் வேலை கிடைத்ததும் இருவரும் ஆம்பூரை விட்டுப் போய்விட்டார்கள். அதன்பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டது கெசியா வழியாகத்தான். சித்தப்பா போனில் சொல்வார். கெசியா அதைக் கையால் அம்மாவுக்குச் சொல்வாள்.

2009 டிசம்பரில் ஒருநாள் சித்தப்பாவின் குரல் உடைந்துபோய் வந்தது.

"டாக்டர் கைய விரிச்சிட்டாரும்மா. சித்திக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம். அம்மாவை உடனே வரச் சொல்லு."

அப்பா ஓடிப்போய் டிக்கெட் எடுத்தார். சனிக்கிழமைக்குத்தான் கிடைத்தது.

"இன்னொண்ணு கெசியா. ரெண்டு நாளா சித்தி என்னமோ கேட்டுக்கினே இருக்கா. அவ பேச்சு எல்லாம் எனக்குத் தெரியும், இது மட்டும் புரியல. காதைத் தொடறா, அப்புறம் கைய கீழ எறக்கறா. தோடு கேக்கறானு நெனச்சு வீட்லேர்ந்து கொண்டாந்து போட்டேன். ஜாஸ்தியா அழறா."

எழுதிக் காட்டவும் சித்தியிடம் தெம்பு இல்லை. அவள் படித்ததே மூன்றாவது வரைதான்.

கெசியா காதைத் தொட்டுக் கையை இறக்கி அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா தலையை ஆட்டினாள். 'இப்படி இருக்காது. அவள் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்' என்றது அம்மாவின் கை. கைப்பேச்சில் பாதி முகத்தில்தான் இருக்கிறது. அதைப் போனில் எப்படிச் சொல்வது? கெசியாவுக்கு அழுகை வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஹயாத் பாஷாவின் செல்போன் கடை முன்னால் அவள் நின்றுவிட்டாள். '3ஜி வந்தாச்சு! முகம் பார்த்துப் பேசுங்க!' என்ற போர்டு ஒரு மாதமாக அங்கே தொங்குகிறது. எல்லோரும் அதைப் படித்துவிட்டு ரீசார்ஜ் மட்டும் பண்ணிக்கொண்டு போவார்கள்.

"பாய், இதுல கொல்கத்தா தெரியுமா?"

"கொல்கத்தா இன்னா, அமெரிக்காவே தெரியும்! ஆனா அந்தப் பக்கமும் இதே மாதிரி செட்டு வேணும் பாப்பா. அதான் பேஜாரு. என் மச்சான்கிட்டகூட இல்ல. நான் யார் மூஞ்சியைப் பாக்கறது?"

கெசியா விஷயத்தைச் சொன்னாள். பாயின் சிரிப்பு நின்றுபோனது. அவரே சித்தப்பாவின் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். சித்தப்பாவின் முதலாளி மகனிடம் அப்படி ஒரு போன் இருந்தது. கேட்டதும் அவர் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் மாலை அம்மா தான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். பாய் போனை அவள் கையில் கொடுத்தார். அம்மா அதை உடனே கீழே வைத்தாள். போனைப் பிடித்துக்கொண்டால் பேசுவதற்குக் கை வேண்டாமா?

கெசியா தன் பள்ளிக்கூட ஷூவைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அதற்குள் போனை நிறுத்தினாள்.

"ஐயோ, புது செட்டு பாப்பா! ஷூவுலயா?"

"சாக்ஸ் போட்டுக்கினுதான் போட்டேன் பாய். நாத்தம் அடிக்காது."

சின்னத் திரையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சித்தி தெரிந்தாள். எவ்வளவு மெலிந்துவிட்டாள்! பாய் பதற்றத்தில் திரையைப் பார்த்து, "ஹலோ! நல்லா இருக்கீங்களா?" என்று கத்தினார்.

"அவங்களுக்குக் கேக்காது பாய்" என்றாள் கெசியா.

அக்காவைப் பார்த்ததும் சித்தியின் கை மெல்ல எழுந்தது. காதுக்குக் கீழே இரண்டு விரல்கள் தொங்கி ஆடின. பிறகு ஐந்து விரல்களும் குவிந்து கீழே இறங்கின. கண்கள் பயத்தோடு மேலே பார்த்தன.

அம்மா பார்த்தவுடனே புரிந்துகொண்டாள். அவள் கெசியாவிடம் கையால் சொல்லச் சொல்ல, கெசியா போனில் சொன்னாள்.

"சித்தப்பா, அவங்க லைட்டைக் கேக்கறாங்க! சின்ன வயசுல ஹாஸ்டல்ல, பெரிய ஜிமிக்கி போட்ட வார்டன் வந்து லைட்டை அணைப்பாங்களாம். அப்ப ரெண்டு பேரும் 'லைட்டு அணையப் போகுது'ன்னு இப்படித்தான் சொல்லிக்குவாங்களாம். ராத்திரி வார்டுல லைட்டை ஆஃப் பண்றாங்களா?"

"ஆமாம்மா. எல்லாரும் தூங்கணும்ல?"

"சித்திக்குக் காது கேக்காது. இருட்டுல கண்ணும் தெரியலன்னா, பக்கத்துல நீங்க இருக்கறதே தெரியாதே சித்தப்பா. பயப்படறாங்க."

"இது எனக்குத் தோணலையே" என்று சித்தப்பா அழுதார். "நர்ஸம்மாகிட்ட கேட்டு அவ தலைமாட்டுல ஒரு லைட்டு வெக்கிறேன்."

அம்மா தங்கைக்கு அதைச் சொன்னாள். ஆனால் சித்தி புருவத்தைச் சுருக்கினாள். அம்மாவின் கைகள் வழக்கம்போல வேகமாக ஓட, திரையில் அவை வெறும் புகையாகத் தெரிந்தன. மறுபடி சொன்னாள். மறுபடியும் புகைதான்.

"நெட்வொர்க்கு கம்மி" என்றார் பாய் வருத்தமாக.

கெசியா யோசித்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். 'போட்டோ எடுக்கும்போது நிற்போமே, அந்த மாதிரி ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுக் கையை அப்படியே வை' என்று காட்டினாள்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். விளக்கு. நிறுத்தினாள். எரியும். நிறுத்தினாள். தூங்கு. நிறுத்தினாள்.

சித்தி சிரித்தாள். அக்கா இவ்வளவு பொறுமையாகப் பேசி அவள் பார்த்ததே இல்லை.

அடுத்த இரண்டு மாலையும் அவர்கள் அப்படியே பேசினார்கள். பாய் கடைக்கு வந்தவர்களை வெளியே நிற்க வைத்தார்.

சனிக்கிழமை காலை பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. அப்பா ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். போன் அடித்தது.

"அப்பா இருக்காராம்மா?"

"இல்ல சித்தப்பா. என்னாச்சு?"

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. "விடியக்காலையில சித்தி போய்ட்டாம்மா."

போனை வைக்கப் போன கெசியா, அம்மா என்ன கேட்பாள் என்று நினைத்துப் பார்த்தாள்.

"சித்தப்பா... லைட்டு?"

"எரிஞ்சுக்கினேதான் இருந்தது. என் மூஞ்சியப் பாத்துக்கினேதான் கண்ண மூடினா."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கெசியாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, காதுக்குக் கீழே இரண்டு விரல்களை ஆட்டி, கையைக் குவித்து இறக்கினாள். அது கேள்வி.

'இல்லை அம்மா, அணைக்கவில்லை. விடியும்வரை எரிந்தது. சித்தி சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்' என்று கெசியா ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னாள்.

அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.