சேமக்காலைக் கல்

குழாய்க்குள் கல் குறைய வேண்டும். அதற்குத்தானே அந்தக் கோதாரி விழுந்த இயந்திரம்! ஆனால், மழை இருட்டிக்கொண்டு வந்த அந்த மத்தியானம் றஜீபன் கண்ணாடிக் குழாயைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது கல் கூடியிருந்தது. போன கிழமை பாதிக்கு இறங்கியிருந்த வெள்ளை முருகைக்கல் இப்போது மூடியை முட்டிக்கொண்டு நின்றது. அவன் இரண்டாம் தரமும் துடைத்துப் பார்த்தான்.

ஊர்காவற்றுறைக் கரையோரத்து அந்த வீட்டை விடுதியாக்க நினைத்தவர், சுவிசிலிருந்து வந்த இறுப்பிட்டிச் செல்வரத்தினம். சண்டை ஓய்ந்திருந்த அந்த வருடங்களில் யாருக்குத்தான் ஆசை வரவில்லை? வரவேற்பு ஹோலின் ஒரு சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி கட்டி, உயிருள்ள பவளங்களை வைத்தார். அவை வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கையால் கலக்கி ஊற்றினால் அவ்வளவு பெரிய தொட்டிக்குக் காணாது. ஆகவே கல்சியம் றியாக்டர். சின்னதே போதுமென்று கடைக்காரன் சொல்லியும், "வைச்சால் பெரிசா வைக்கவேணும்" என்று ஆளுயரக் குழாய் ஒன்றைக் கப்பலில் இறக்கினார். அதற்குள் செத்த பவளக் கல்லான முருகையை நிரப்பி, சோடாக் கொம்பனியில் சிலிண்டரில் வாங்கிய காற்றைக் குமிழி குமிழியாக விட்டால், தண்ணீர் புளித்துக் கல்லை அரிக்கும். கரைந்தது சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குப் போகும். செத்ததைக் கரைத்து உயிருள்ளதுக்கு ஊட்டுகிற வேலை. அதைப் பார்த்துக்கொள்ள றஜீபனையும் அவன் மனைவி அஞ்சலாவையும், ஆறு வருடம் தவம் கிடந்து பெற்ற அவர்களின் ஒற்றைக் கைக்குழந்தையையும் பின்னறையில் குடிவைத்துவிட்டு, அவர் கொழும்புக்குப் போய்விட்டார்.

பெட்டியோடு வந்த கல் கரைந்து முடிந்ததும் தொலைபேசியில், "கரையில கிடக்கிற முருகையைக் கழுவிப் போடும் தம்பி" என்றார். அவருக்கென்ன! கரை முழுக்க நேவியின் முள்ளுக்கம்பி. விரல் பருமனில், வெயிலில் வெளுத்த கல் ஒரேயொரு இடத்தில்தான் கிடந்தது: வேதக்காரரைப் புதைக்கிற சேமக்காலை மதிலுக்கு வெளியே. ஞானஸ்நானம் பெறாமல் கண்மூடிய பிள்ளைகளை மதிலுக்கு உள்ளே விடமாட்டார்கள், அங்கேதான் புதைப்பார்கள். சிலுவை கிடையாது. தாய்மார் கடலில் பொறுக்கிய முருகையைக் குவித்துவிட்டு அழுதுகொண்டு போவார்கள். றஜீபனுக்கு இது தெரியாததல்ல. கல்லு கல்லுத்தானே என்று இரண்டு உரப்பை நிரப்பிக்கொண்டு வந்து குழாய்க்குள் கொட்டிவிட்டான். அஞ்சலாவிடம் மூச்சும் விடவில்லை.

இப்போது குழாயடியில் நிற்கும்போது, திரைந்த பாலை உடுப்பில் காயவிட்டது போன்ற புளித்த வாடை ஈரச் சுவரிலும் கதிரைத் துணியிலும் ஏறி அவன் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றுக் குமிழிகள் முன்பு போல ஒரே சீராக வராமல், இரண்டு மூன்று வேகமாக வந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வந்தன. அந்தத் தாளம் அவனுக்குப் பழகியது. பின்னறையில் தினமும் கேட்கிற, முலை குடிக்கிற தாளம்.

"இஞ்சருங்கோ," அஞ்சலா பின்னறையிலிருந்து கூப்பிட்டாள். "பிள்ளை இண்டைக்கும் கழுத்தை நிமித்துறானில்லை. போன மாசம் எழும்பி இருந்தவனெல்லே?"

"கிளினிக்கில மிஸ்ஸி என்ன சொன்னவ?"

"கல்சியம் காணாதாம். குளிசை தந்தவ." பாய் சரசரத்தது. "வந்த பல்லையும் காணேல்லை."

"விழுந்திருக்கும்."

"பால் குடிக்கிற பிள்ளைக்குப் பல்லு விழுமே?"

அவன் சிலிண்டரின் திருகை இறுக்கி மூடினான். குமிழி நிற்கவில்லை. ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினான். தொட்டி விளக்கு அணைந்தது. குமிழி நிற்கவில்லை. மூடியைக் கழற்றிக் கையை விட்டுக் கல்லை வாரினான். எல்லாம் இளஞ்சூடாக இருந்தன. அரிசி மணியளவில் ஒன்று உள்ளங்கையில் ஒட்டியது. அது கல்லல்ல.

"மாதாவே, என்ர பிள்ளையை விட்டிடு!"

ஒன்றுவிடாமல் உரப்பைகளில் அள்ளி, மழைக்குள் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், மதிலுக்கு வெளியே கொட்டினான். எந்தக் கல் எந்தப் பிள்ளையுடையது? யாரைக் கேட்பது? சேற்றில் முழந்தாளிட்டு, கையால் தடவித் தடவிச் சின்னச் சின்னக் குவியலாக்கினான். "பிள்ளையள், தெரியாமல் எடுத்திட்டன்" என்று கும்பிட்டான். அதுகூடப் பொய்தான்.

திரும்பி வந்தபோது வீடு அரையிருட்டாகக் கிடந்தது. குமிழிச் சத்தம் வாசலிலேயே கேட்டது. குழாய் நிறைந்திருந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு கல் வெளியே சரிந்து, நிலத்தில் பரவிக்கிடந்தது. வெள்ளை வெளேரென்று. புதுசாக.

"அஞ்சலா!"

"இஞ்ச வாங்கோ." குரல் குழறியது. "பிள்ளையைத் தூக்குங்கோ. எனக்குக் காலை ஊன்ற ஏலாமல் கிடக்கு."

பாயில் மகன் கிடந்தான். கண் விழித்திருந்தது. தகப்பனைக் கண்டதும் சிரித்தான். றஜீபன் குனிந்து தூக்கினான். தலை அவன் மணிக்கட்டுக்கு மேலால் வழிந்தது. கைகளும் கால்களும் ஈரச் சீலையாய்த் தொங்கின. உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை. ஆனால் உயிர் இருந்தது. வாய் சப்பிக்கொண்டிருந்தது.

பிள்ளை வழுகினான்.

விடக்கூடாது. இறுக்கிப் பிடித்தான்.

அவன் விரல்கள் மடங்கின. பின்பக்கமாக.