இரட்டைப் பதிவுகள்

முதல் தடவையிலேயே கணக்கு சரியாக வந்துவிட்டது. அதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு லேப்டாப்பின் முன் உட்காருவாள். வங்கியிலிருந்து இறக்கிய செலவுகள் வீட்டுக்கணக்கு மென்பொருளில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். கடைசியில் 'வித்தியாசம்' என்ற கட்டத்தில் பூஜ்யம் வந்தால் அந்த மாதத்துத் தலைவலி தீர்ந்தது. எட்டு மாதமாக அது வந்ததே இல்லை. ஏதாவது ஒரு தொகை உதைக்கும். கண் பூத்துப்போகிற வரை தேடிவிட்டு, 'சரிக்கட்டு' என்ற பொத்தானை அழுத்துவாள். மென்பொருளே ஒரு பொய் வரியைச் சேர்த்துப் பூஜ்யமாக்கிக் கொடுத்துவிடும். கப்பலில் இன்ஜினியராக இருக்கும் கணவனுக்கு இது தெரியாது. தெரிந்தால் நடுக்கடலிலிருந்தே வகுப்பெடுப்பான்.

இன்று அவள் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. வித்தியாசம்: 0.00 என்று பச்சை நிறத்தில் தானாகவே வந்து நின்றது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டியின் தகரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம், சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகி முனகி அடங்கும் சத்தம், எங்கோ கீழ்மாடியில் லிஃப்ட் கதவு இழுத்துச் சாத்தப்படும் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தனித்தனியே கேட்டன. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தாள். எட்டு வயதுப் பெண் இருக்கிற வீடு.

பெண் அவளுக்குப் பின்னால், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு வீட்டில் வாலு என்றுதான் பெயர். உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. குதிகாலால் நாற்காலிக் காலை டொக், டொக் என்று உதைத்துக்கொண்டே இருப்பாள். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அம்மா. நாள் முழுக்க ஊராரிடம் 'அசையாதீங்க' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளிடமும் அதையே சொல்லிச் சொல்லி அவள் தொண்டை வற்றியிருக்கிறது. போன மாதத்திலிருந்துதான் பெண் மாறிவிட்டாள். கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். விளக்கை அணைத்தால் அழுவதில்லை. கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, போட்ட இடத்திலேயே விடியும்வரை தூங்குகிறாள். வாலு வாலைச் சுருட்டிக்கொண்டது என்று கணவனிடம் போனில் பெருமையடித்திருந்தாள். அவனும் சிரித்துவிட்டு, வளர்கிறாள் இல்லையா என்றான்.

எட்டு மாதமாக உதைத்த கணக்கு இப்போது ஏன் உதைக்கவில்லை என்று பார்ப்போம் என்றுதான் பழைய மாதங்களைத் திறந்தாள். வேறு எண்ணம் எதுவும் அப்போது இல்லை.

பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. ஒரே கடை, ஒரே தேதி, ஒரே தொகை என்று இரண்டு வரி வந்தால் அந்த மென்பொருள் அவற்றை இரட்டைப் பதிவு என்று சந்தேகப்பட்டு, ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்துவிடும். வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் பதில் சொல்வதே இல்லை. கடைக்காரன் கை தவறிக் கார்டை இரண்டு தடவை தேய்த்திருப்பான், திருப்பிப் போட்டுவிடுவான் என்று விட்டுவிடுவாள். போன மாதம் ஒதுக்கி வைத்தது நாற்பதாகிவிட்டது. எரிச்சலில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதை அழுத்தினாள். நாற்பதும் ஒரே நொடியில் போய்விட்டன. அன்று ராத்திரி எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினாள்.

'நீக்கியவை' என்ற பெட்டியைத் திறந்தாள். நாற்பதும் அங்கே இருந்தன.

பள்ளிக்கூட ஷூ. நீச்சல் வகுப்புக் கட்டணம். பல் டாக்டர், கடைவாய்ப்பல் அடைத்தது. முடி வெட்டியது. சீருடை. பள்ளிப்பை. முடி வெட்டியது. நீச்சல் வகுப்பு. ஹேர் கிளிப். முடி வெட்டியது.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினாள். மறுபடி கீழிருந்து மேலே ஓட்டினாள். பெட்ரோல் இல்லை. மளிகை இல்லை. அவளுடைய புடவை, கணவனுடைய விமான டிக்கெட், கரண்ட் பில், ஒன்றுகூட இல்லை. கடைக்காரர்கள் எல்லோரும் கை தவறியிருக்கிறார்கள். அவள் மகளுக்கு வாங்கியதில் மட்டும்.

முதுகில் யாரோ ஈரக் கையை வைத்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். பெண் தலையைக் குனிந்தபடி வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் சத்தம்கூட வரவில்லை.

கட்டிடத்தின் தரைத்தளத்தில் ஓர் அழகு நிலையம் இருந்தது. மாதம் ஒருமுறை கார்டைச் சின்னப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிப் பெண்ணைத் தனியாகவே அனுப்புவாள். அரை மணி நேரத்தில் வந்துவிடும். அங்கே முடி வெட்டுகிற அக்காவுக்குப் போன் போட்டாள். ஒரு சந்தேகம், போன மாதங்களில் கார்டில் இரண்டு தடவை பிடித்திருக்கிறதே என்று மெதுவான குரலில் கேட்டாள்.

"ரெண்டு பேருக்குத்தானே மேடம் வெட்டினேன். ரெட்டைப் பிள்ளைங்கதானே உங்களுக்கு?"

அந்த அக்காவே மேலே பேசினாள். இரண்டும் சேர்ந்து வந்ததில்லை. ஒன்று வெட்டிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷத்தில் அடுத்தது வரும், அதே கார்டோடு. முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

"முதல்ல வர்றது காலை ஆட்டிக்கிட்டே இருக்கும், கத்திரியை வைக்கவே பயமா இருக்கும். பின்னால வர்றது அசையவே அசையாது. மூச்சு விடுதான்னே தெரியாது. ரொம்ப நல்ல பொண்ணு. இந்த மாசம் அந்த நல்ல பொண்ணு மட்டும்தான் வந்துச்சு. இன்னொண்ணு ஊருக்குப் போயிருக்கா மேடம்?"

போனை எப்போது வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் மேஜையைத் தாண்டிப் போக வேண்டும். அந்த அக்காவுக்கு ஆள் மாறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எல்லாத் தளத்திலும் குழந்தைகள் இருக்கிறார்கள், எல்லாக் குழந்தைக்கும் இந்த வயதில் இதே முகம்தான். ஆனால் அதே கார்டு.

ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்றரை வருஷம் முன்பு வாலு இதே நாற்காலியில் ஆடி ஆடிக் கீழே விழுந்து தாடைக்கு அடியில் கிழித்துக்கொண்டது. மூன்று தையல். அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள், எக்ஸ்ரேயை அவளே எடுத்தாள். வேலை பார்க்கிறவள் என்பதால் ஒரு பைசா வாங்கவில்லை. அந்தத் தழும்பு எந்தக் கணக்கிலும் கிடையாது.

எழுந்து போனாள். மேஜையருகே நின்று, பெண்ணின் முகவாயில் இரண்டு விரல் வைத்து, விளையாட்டுப் போல மெல்ல நிமிர்த்தினாள்.

பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். கடைவாயில் அடைத்த பல் வெள்ளியாக மின்னியது.

தாடைக்கு அடியில் தோல் வழவழவென்று இருந்தது. தையல் தடம் இல்லை. தழும்பு இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல தங்கம். நீ வரை."

போன மாதத்திலிருந்து அவளை வாலு என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தாளைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே வரையவில்லை.

லேப்டாப்புக்குத் திரும்பி வந்தாள். ஓடவில்லை. ஓடக்கூடாது என்று ஏதோ சொன்னது. 'நீக்கியவை' பெட்டியின் மேலே சின்ன எழுத்தில் விளக்கம் இருந்தது. இத்தனை மாதத்தில் அவள் அதைப் படித்ததே இல்லை. இரட்டைப் பதிவுகளில் முதலில் வந்தது நீக்கப்படும், பின்னால் வந்தது வைத்துக்கொள்ளப்படும்.

முதலில் வந்தது காலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாதம். ஒரு மாதமாக அவள் குழந்தை எங்கோ இருக்கிறது. அவள் இங்கே இதற்குச் சோறு ஊட்டித் தலை வாரி விட்டிருக்கிறாள். நல்ல பிள்ளை என்று முத்தம் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த வரி: நீக்கியவை முப்பது நாளில் நிரந்தரமாக அழிக்கப்படும். மீதம்: 4 நிமிடம்.

பக்கத்திலேயே பொத்தான் இருந்தது. 'எல்லாவற்றையும் மீட்டுக் கொண்டுவா.' அம்புக்குறி இரண்டு தடவை நழுவியது. அழுத்தினாள்.

40-ல் 1.

ஒவ்வொன்றாகத்தான் வந்தன. 40-ல் 2. 40-ல் 3. புது ஷூவின் தோல் வாசனை அடித்தது. கடையில் பெட்டியைத் திறக்கும்போது வருமே, அந்த வாசனை. 40-ல் 9. நீச்சல் குளத்து மருந்து நெடி மூக்கில் ஏறியது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வகுப்பு முடிந்து காரில் ஏறும்போது அந்தத் தலை இப்படித்தான் மணக்கும். 40-ல் 17. பல் டாக்டர் கிளினிக்கின் கிராம்பு எண்ணெய். வந்துவிடு கண்ணே. சீக்கிரம் வந்துவிடு. இனிமேல் ஆடாதே என்று சொல்லவே மாட்டேன். கீழ்வீட்டுக்காரர் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

நல்ல பெண் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். தோளில் கையை வைத்தாள். கைக்குச் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. திரையைப் பார்த்தாள். தடுக்கவில்லை. கோபப்படவில்லை. பாடம் கேட்கிற பிள்ளை போலப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

40-ல் 31.

டொக்.

சாப்பாட்டு மேஜைப் பக்கமிருந்து.

டொக், டொக்.

அவளுடைய மொத்த உயிரும் காதுக்கு வந்துவிட்டது. அதே தாளம். அதே குதிகால். வாலு. அவள் வாலு. தோளிலிருந்த கை கொஞ்சம்கூட அசையவில்லை.

40-ல் 40. மீட்டல் முடிந்தது.

"எல்லாம் வந்துருச்சாம்மா?" என்றது நல்ல பெண். "கணக்குல இருந்ததெல்லாம்?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

நாற்காலிக்குக் கீழே பள்ளிக்கூட ஷூ இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. டொக். அவற்றுக்குள் கால் இல்லை. அவற்றுக்கு மேலே சீருடை, ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பது போலவே முழங்காலில் மடிந்து நிமிர்ந்து நின்றது. சட்டைக் கைகளின் நுனியில் ஒன்றுமில்லை. பின்னால் பள்ளிப்பை தொங்கியது. சீருடையின் கழுத்துக்கு மேலே, எட்டு மாதத்து வெட்டிய முடியும் காற்றில் வட்டமாக நின்றது, ஈரமாக, நீச்சல் குளத்து நெடியோடு. ஹேர் கிளிப்புகள் இருபுறமும் ஒழுங்காகக் குத்தியிருந்தன.

நடுவில் முகம் இல்லை. கண் இல்லை. தாடை இல்லை, அதற்கு அடியில் தழும்பும் இல்லை.

அடைத்த பல் மட்டும் இருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஒற்றைப் பல், அவள் பார்த்ததும், மேலும் கீழுமாக அசைய ஆரம்பித்தது. மறுபடி மறுபடி, இரண்டே அசைவாக, அம்மா என்று கூப்பிடுகிற மாதிரி.