மாமன் மடி

பந்தி இலைகளுக்கு மேல் பனிமூட்டம்போல் தொங்கிய வெறுமியைச் சேந்தன் இரண்டு கைகளாலும் பிடித்து, ஈரச் சாக்கைக் கிழிப்பதுபோல் கிழித்தான். அது மறைந்ததும், மூச்சடைத்துக் கிடந்த கல்யாண வீட்டார் ஒவ்வொருவராக இருமிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் மட்டும் சட்டை கசங்காமல் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா தனக்குப் பதிலாக அனுப்பிவைத்த நிகரன் அது.

நிகரன்கள் வீடுகளுக்குள் வந்து ஏழு வருஷம் ஆகிறது. ஆளை அப்படியே வார்த்தெடுத்த உருவம். அதே குரல், அதே தோளசைவு. கல்யாணம், துக்கம், ஆஸ்பத்திரி என்று போக நேரமில்லாத இடத்துக்கெல்லாம் மக்கள் அதை அனுப்பினார்கள். வெறுமிகள் வரத் தொடங்கியதும் அதே ஏழு வருஷத்துக்கு முன்புதான். அவை பட்டால் மூச்சு நிற்கும். சேந்தனுக்கு மட்டும் ஏனோ நிற்கவில்லை. அதனாலேயே அவன் கோவையின் காவலன் ஆனான்.

“சேந்தா, நிகரன் போற எடம், வெறுமி வர்ற எடம், ரெண்டு வரைபடத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்துட்டேன்.” செவிமணியில் கட்டுப்பாட்டு அறை ரெஜினா பேசினாள். “ஒருத்தர் வருவாருன்னு மத்தவங்க ஏங்கிட்டு இருக்கறப்ப, அந்த எடத்துல நிகரன் வந்து நின்னா, அங்கதான் வெறுமி மொளைக்குது. அந்த ஏக்கந்தான் அதுக்கு வாசல்.”

சேந்தன் மணி பார்த்தான். இன்று பத்தரைக்குத் தங்கை பூங்கோதையின் மகள் தேனுவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அதற்கும் நிகரனைத்தான் அனுப்பியிருந்தான். பெயர் வைத்த நாளிலிருந்து மூன்று வருஷமாக அதுதான் போய்க்கொண்டிருந்தது.

“ஆனா எந்தங்கச்சி வீட்டுப் பக்கம் மொத வருஷம் வந்ததோட சரி, ரெண்டு வருஷமா ஒண்ணுகூட வரலியேக்கா?”

“அதுதான் எனக்கும் புரியல.”

“எனக்குப் புரியுது. என்ர வீடுன்னு அதுகளுக்குப் பயம்.”

“ஆமா, வாசல்ல பேரெழுதி மாட்டியிருக்கு பாரு. மொதல்ல போய்ச் சேரு.”

தேனுவுக்காக வாங்கிய தோட்டு டப்பி இடுப்பில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு பறப்புடையை முடுக்கினான்.

குலதெய்வக் கோயில் மண்டபத்தில் பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டு வேட்டியில் நிகரன் சம்மணமிட்டிருக்க, அதன் மடியில் தேனு சந்தன மொட்டையோடு சாய்ந்திருந்தாள்.

“அண்ணா! நெசமாலுமே நீங்களாங்ணா?” பூங்கோதையின் முகத்தில் சந்தோஷத்துக்கு முன் சங்கடம் வந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? பாப்பா இப்பத்தான் அவரு மடியில அடங்கி உக்காந்தா.”

அவரு! சேந்தனுக்குச் சுருக்கென்றது.

“மாமன் நான் வந்தாச்சு. இனி இது எதுக்கு?” விளக்கம் சொல்ல நேரமில்லை. நிகரனின் பிடரியிலிருந்த விசையை அழுத்தினான். தலை மார்பில் தொங்கியது.

தேனு நிமிர்ந்து பார்த்தாள். “மாமா?” கன்னத்தைத் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். பிறகு மண்டபமே அதிர அலறினாள். “எங்க மாமாவ என்ன பண்ணுனே?”

“கண்ணு, நாந்தான் சாமி, உன்ர மாமா.” தூக்கி மடியில் வைத்தான். வெறுமிகளைக் கிழிக்கும் அந்தக் கையைக் குழந்தை ரத்தம் வரக் கடித்தது.

அப்போதுதான் நிகரனின் தொங்கிய தோளுக்கு மேல் மூட்டம் எழுந்தது. குழந்தையைத் தங்கையிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டுப் பாய்ந்தான். கிழித்தான், கிழித்த இடத்தில் இரண்டாக முளைத்தது. மறுபடி கிழித்தான்; நான்காயிற்று. அந்த மாமாவுக்காகத் தேனு ஏங்க ஏங்க அது பெருத்தது. பத்தர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். குழந்தையின் உதடு நீலம் பூத்தது.

“அண்ணா, அவர எழுப்புங்க! உங்க காலுல வேணாலும் உழுகறேன், அவர எழுப்புங்க!”

சேந்தன் விசையை அழுத்தினான்.

நிகரன் கண்ணைத் திறந்தது. “அட, எந்தேனுக்குட்டிய யாரு அழ வெச்சது?”

குழந்தை தாவி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மூட்டம் சோற்றுப் பானையின் ஆவிபோல் கலைந்து போயிற்று. ஏழு வருஷத்தில் சேந்தனின் கையால் அல்லாமல் தானாகச் செத்த முதல் வெறுமி அதுதான்.

பத்தர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரே முகமாக இருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுல தாய்மாமன் யாருங்க?”

 தேனு கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சேந்தன் இடுப்பிலிருந்து டப்பியை எடுத்து நிகரனின் கையில் வைத்தான்.

“நீ போய் வேலையப் பாரு. இங்க நான் பாத்துக்கறேன்,” என்றது அது, அவனுடைய குரலிலேயே.

ஊசி இறங்கியது. குழந்தை சிணுங்கக்கூட இல்லை.

“வெறும் வயித்தோட போயிராதீங்ணா,” என்றாள் பூங்கோதை. மற்ற விருந்தாளிகளிடமும் அதே குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். “ரெண்டாம் பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போங்க.”

வாசலுக்கு வந்தபோது செவிமணி கரகரத்தது.

“சேந்தா, சுத்தமாயிருச்சா? மறுபடி வருமா அங்க?”

“வராதுக்கா.” கடிபட்ட கையைத் துடைத்துக்கொண்டான். “ரெண்டு வருஷமா ஏன் வரலீன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. இங்க யாரும் என்னைய எதிர்பாக்கறதில்ல.”