கழுத்துப்பட்டைத் தையல்

கழுத்துப்பட்டையின் உட்புறம் ஈரமாக இருந்தது.

சந்திரமதி மறுபடியும் விரல் வைத்துப் பார்த்தாள். ஜப்பானிலிருந்து வந்த பழைய துணி மூட்டை அது. கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் இறுகிக் கிடந்ததை, அன்று மத்தியானம்தான் அவளும் கணவன் குணாளனும் மலேசியாவின் காஹாங்கில் பழந்துணி விற்கும் தங்கள் பண்டல் கடையின் பின்னறையில் பிரித்தார்கள். மற்ற துணிகளெல்லாம் மொடமொடவென்று காய்ந்து அந்துருண்டை வாசனை அடித்தன. இந்தப் போர்க்கால ஜப்பானிய ராணுவக் கம்பளிக் கோட்டு மட்டும், யாரோ வெயிலில் வெகுதூரம் நடந்து வந்து இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல், கழுத்தருகே வெதுவெதுப்பாக வியர்த்திருந்தது.

மழைக்காலம், கூரை ஒழுகியிருக்கும் என்றான் குணாளன்.

ராணுவ உடுப்புக்கென்று அவர்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அவள் சோதிப்பாள். கோட்டு அசலாக இருந்தாலும், அதிலுள்ள சின்னம் போன வருஷம் எவனோ தைத்ததாக இருக்கலாம். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் குணாளன் அதைப் போட்டுக்கொண்டு விற்பனைப் படத்துக்கு நிற்பான். அன்று அவள் டார்ச்சை எடுக்கத் திரும்பி வருவதற்குள் போட்டுக்கொண்டுவிட்டான்.

"எங்க தாத்தாவ எஸ்டேட்லேர்ந்து சயாம் ரயில் போட லோரில ஏத்திட்டுப் போனவங்க கோட்டு. இப்ப பாரு, அவரு பேரன் போட்டுக்கிட்டு ஸ்டைலா நிக்கிறேன்."

"கழட்டுங்க லா. இன்னும் பாக்கவே இல்ல."

"இப்படியே பாரேன். கிட்ட வர்றதுக்கு உனக்கும் ஒரு சாக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் இந்தக் கிண்டலுக்கு அவள் காது சிவப்பது அவனுக்குத் தெரியும். விளக்கை அணைத்தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் பட்டப்பகலிலேயே அறை இருண்டது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்தது. செம்பனை ஆலையின் எண்ணெய்ப் புகை ஈரத்தோடு கலந்து உள்ளே வந்தது. அதற்கும் அடியில், இதற்குமுன் அந்த அறையில் இல்லாத, சேறும் பழைய இரும்பும் கலந்த ஒரு வாடை அவன் பக்கமிருந்து மெல்ல எழுந்தது.

ஊதா ஒளி பாய்ச்சும் டார்ச்சை அவன் கழுத்தில் பிடித்தாள். சலவைத்தூள் பட்ட அவன் பனியன் நீலமாக ஒளிர்ந்தது. சின்னத்தைத் தைத்தது இந்தக் காலத்து நைலான் நூலாக இருந்தால் அதுவும் அப்படி ஒளிர்ந்திருக்கும். ஒற்றை நட்சத்திரம் வைத்த சிவப்புப் பட்டையைச் சுற்றிய தையல் இருண்டே கிடந்தது. பழைய பருத்தி நூல். அசல்.

இனித் தையலின் மறுபக்கம். சிப்பாய் தன் கையால் தைத்திருந்தால் நூல் உள்துணி வரை போயிருக்கும். கழுத்துப்பட்டையைத் தூக்கிப் பார்க்க முயன்றாள்.

அது வரவில்லை.

"என்னங்க, கொஞ்சம் குனியுங்க."

அவன் குனியவில்லை. கிண்டலும் செய்யவில்லை. கழுத்து குளிர்கிறது என்று மட்டும் சொன்னான். பொத்தான்களை அவளே கழற்றினாள். முன்பக்கம் தாராளமாகத் திறந்தது. சிவப்புப் பட்டைக்கு அடியில் மட்டும் விரல் நுழைய இடமில்லை. துணியின் ஓரத்தை நகத்தால் நெம்பி, ஒளியை உள்ளே செலுத்தினாள்.

நூல் உள்துணியைத் தாண்டியிருந்தது.

தோலுக்குள் இறங்கி, ஏறி, மீண்டும் இறங்கியிருந்தது. பொடிப்பொடியாக, நெருக்கமாக, கழுத்தைச் சுற்றி. ரத்தம் இல்லை. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சதை ஆறித் தழும்பாகியிருந்தது. தையலின் வயது அவள் கண்ணுக்குத் தெரியும். இது இன்று போட்டதல்ல. அவள் பிறப்பதற்கும் முன்னால் போட்டது. காலையில் அவள் முகம் புதைத்துக்கொண்ட அதே கழுத்தில்.

சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு தையலை நறுக்கினாள்.

குணாளன் கத்தவில்லை. அவன் தலை மட்டும் சற்றே இடப்பக்கம் சாய்ந்தது.

இன்னொன்று.

தலை இன்னும் சாய்ந்தது. வெட்டிய இடத்தில் தோல் வாயைப்போலப் பிளந்தது. உள்ளே இருட்டு.

"வெட்டாத மதி." அவன் குரல்தான். மிக மெதுவாக வந்தது. "அதுதான் என்னைப் பிடிச்சிருக்கு."

கத்தரிக்கோலைப் போட்டாள். டார்ச்சும் விழுந்து உருண்டு, கீழிருந்து ஊதா ஒளியைக் கக்கியது. இரண்டு கையாலும் அவன் கழுத்தைப் பிடித்தாள். பிளவை மூடினாள். தலையை நிமிர்த்தினாள். அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. சூடாக. உயிரோடு.

விட்டால்?

விடவில்லை.

மழை நின்றது. கூப்பிட்டால் யாருக்காவது கேட்கும். ஆனால் வாயைத் திறந்தால் பிடி நழுவிவிடுமோ.

அறுந்த நூலின் நுனி அசைந்தது.

மெல்ல நிமிர்ந்தது. ஊசி இல்லை. கை இல்லை. அவள் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தது. நகத்தின் ஓரத்தில் நுழைந்தது. மறுபக்கம் வெளியே வந்தது. இழுத்தது. கழுத்துக்குள் இறங்கியது.

அவன் தலை ஒரு நூல் அளவு நிமிர்ந்தது.

சந்திரமதி கண்களை மூடிக்கொண்டு, அடுத்த விரலை இன்னும் நெருக்கி வைத்தாள்.